இருவர் கையில் ஒரு கிரீடம்

ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட அக்கா சட்டென்று கையை எடுத்துவிட மாட்டாள். நாம் வாங்கிக்கொண்ட பிறகும் அவள் விரல்கள் தம்ளரின் அடியில் கொஞ்ச நேரம் இருக்கும். "பிடிச்சிட்டியா?" என்று கேட்பாள். "ம்" என்று சொன்னால் போதாது. "பிடிச்சிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் விடுவாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி டெலிபோன் எக்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூர் கால்களை இணைக்கும் ட்ரங்க் போர்டில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இருப்பாள். ஷிஃப்ட் மாறும்போது மற்றவர்கள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அக்கா எழுந்து நின்றுகொண்டே போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்து வந்தவள் உட்கார்ந்து, காதில் மாட்டி, முதல் காலுக்குப் பதில் சொன்னதைக் கேட்ட பிறகுதான் தன்னுடையதைக் கழற்றுவாள்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து, கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டாயா, பிடித்துவிட்டாயா என்று கேட்டால்? எங்களோடு வேலை பார்த்த பிலோமினா, கடற்கரைத் தெருப் பெண், வாய்க்காரி. அவள் அக்காவைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு, காலிக் கையை என்னிடம் நீட்டி, "ஏளா, காத்தைத் தாரேன், பிடிச்சிட்டியா?" என்பாள். அக்காவும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள். ஆனால் அடுத்த நிமிஷமே யாருக்காவது டீ கொடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்பாள்.

நான் ஏரல்காரி. வயல்காட்டு வீடு. இரண்டு மாதம் பஸ்ஸில் போய் வந்தேன். காலை ஷிஃப்ட் போட்டால் முதல் பஸ்ஸில் வந்தாலும் தாமதம்தான். ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்து உட்கார்ந்தபோது அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எங்க வீட்டுல முன்னறை சும்மாதான் கெடக்கு. வாரியா?"

அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. பக்கத்தில் சங்குகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி. கடலிலிருந்து எடுத்த சங்குகளைச் சதை அழுகும்வரை குவித்துப் போட்டிருப்பார்கள். காற்று திரும்பினால் அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. வீட்டுக்குள் அக்காவும் பியூலாவும்தான். பியூலாவுக்கு அப்போது ஐந்து வயது. வாசலிலேயே என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். எங்க சித்திகிட்ட கேட்டுக்கோங்க."

அவள் அக்காவைச் சித்தி என்று கூப்பிட்டதைக் கேட்டபோதுதான் அவள் மகள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு உடன்பிறப்பு, மூத்தவள். பியூலாவைப் பெற்ற பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கணவர் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் கப்பலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அக்காவின் தாய் தகப்பன் முன்பே காலமாகியிருந்தார்கள். நாசரேத் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா அப்போது பாளையங்கோட்டையில் பி.ஏ. இரண்டாம் வருடம், ஆங்கில இலக்கியம். விடுதியிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை. டெலிபோன் வேலைக்குப் பரீட்சை எழுதினாள், தூத்துக்குடிக்கு வந்தாள்.

பியூலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள். நான் முன்னறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ முன்னால் போய் நின்றாள்.

"அம்மா இந்தா இருக்கா. பக்கத்துல யாரு?"

"அப்பா."

"நான் யாரு?"

"சித்தி."

"அம்புட்டுத்தான்," என்று சொல்லி முத்தம் கொடுத்தாள்.

அன்று அவளோடு சண்டை போட்டேன். பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே, என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "நாளைக்கு அவ அப்பா கேட்டு வாரப்போ பிள்ளைக்கு ரெண்டு அம்மா ஆயிரும்லா?" என்றாள். "யாரு கேட்டு வரப் போறா? வருசத்துக்கு ரெண்டு கடுதாசி போடுத மனுசன்!" என்றேன். அவள் பியூலாவின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. சாத்தான்குளத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். அவரே பெண் பார்க்க வந்தார். அக்கா காப்பியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல, "பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பிடிச்சிட்டு" என்றார். நானும் பிலோமினாவும் அடுக்களைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். எல்லாம் கூடிவரும்போல்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து அவர் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் சம்மதம், பிள்ளையை மட்டும் போர்டிங்கில் சேர்த்துவிட வேண்டும் என்று. அக்கா ஒரு தபால் கார்டில் இரண்டு வரி எழுதிப் போட்டாள்.

"வருத்தமா இல்லையாக்கா?"

"நல்ல மனுசன்தான். சிரிச்சா நல்லா இருந்திச்சு," என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாள்.

எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு வருடத்துக்கொரு ஆண்டுவிழா உண்டு. ஆண்கள் சிரிப்பு நாடகம் போடுவார்கள். பெண்களுக்குப் பதினைந்து நிமிஷம், கோலாட்டம். அந்த வருடம் மன்றச் செயலாளர் வந்து பெயர் கேட்டபோது அக்கா சொன்னாள்.

"கோலாட்டம் போன வருசம் ஆடியாச்சு அண்ணாச்சி. நாங்க ஒரு ராஜா நாடகம் போடுதோம்."

"பொம்பளைக்கு ராஜா வேசமா?"

"ஒரு கிரீடம், ஒரு நாற்காலி, நாலு பேரு. அம்புட்டுத்தான் செலவு."

அவளிடம் கல்லூரிப் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய ஆங்கில நாடகம், ஒரு ராஜாவின் சரித்திரம். பாதிப் பக்கங்களில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தாள். மீதிப் பாதி வெள்ளையாக இருந்தது. அதற்குள் படிப்பு நின்றுபோயிருந்தது. பியூலாவைக் குளிப்பாட்டிக்கொண்டே எங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்த ராஜா. சித்தப்பா மகனை நாடு கடத்துகிறான். சித்தப்பா செத்ததும் அவர் சொத்தையும் எடுத்துக்கொள்கிறான். அந்தத் தம்பி படையோடு திரும்பி வருகிறான். ராஜாவின் ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கடைசியில் சபையைக் கூட்டி, எல்லார் முன்னாலும் நீயே கிரீடத்தைக் கொடுத்துவிடு என்கிறார்கள்.

"அதான் ஜெயிச்சாச்சே, பிடுங்கிக்கிட வேண்டியதுதானே?" என்றாள் பிலோமினா.

"பிடுங்கினா பழி வந்துரும்லா. இவனா மனசோட குடுத்த மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் சபை, கூட்டம் எல்லாம்." அக்கா குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றினாள். "இவன் கிரீடத்தைக் கையில வச்சிக்கிட்டு, தம்பியைப் பக்கத்துல கூப்பிட்டு, ஒரு ஓரத்தை அவனைப் பிடிக்கச் சொல்லுதான். ரெண்டு பேரும் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க. அந்த இடத்தை மட்டும் நாம நடிப்போம்."

"அப்ப அவன் குடுக்கானா, குடுக்கலையா?" என்று நான் கேட்டேன்.

"அது அவனுக்கே தெரியலை," என்றாள்.

தமிழில் எழுதியது அவள்தான். மூன்று வாரம், கால் விவரம் குறிக்கும் ட்ரங்க் டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் கிறுக்கிக் கிறுக்கி எழுதினாள். ராஜா அவள். தம்பி நான். பிலோமினாவும் இன்னொருத்தியும் பிரபுக்கள். கிரீடத்துக்கு நாடகச் சாமான் வாடகைக்கு விடும் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி, "எந்த ராசாவுக்கும்மா?" என்றார். அக்கா, "இங்கிலீஸ் ராசாவுக்கு" என்றாள். "அப்பம் மயிலிறகு வேண்டாம்," என்று அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தகரக் கிரீடத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஒத்திகையெல்லாம் எங்கள் வீட்டில். பியூலா பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பாள். நான்காம் நாளே எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம். நாங்கள் தடுமாறினால் அவள்தான் எடுத்துக்கொடுப்பாள். அக்காவுக்கு வசனத்தில் தடுமாற்றமே கிடையாது. ஆனால் கிரீடத்தை என்னிடம் கொடுக்கும் இடம் வந்ததும் அவளையறியாமல், "பிடிச்சிட்டியா?" என்று வாயில் வந்துவிடும். பிலோமினா தரையில் உட்கார்ந்து சிரிப்பாள்.

"ராஜா அப்பிடிக் கேக்க மாட்டாருக்கா!"

"கேட்டிருந்தா அவருக்கு இந்தக் கெதி வந்திருக்காது," என்பாள் அக்கா.

விழா சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பியூலாவின் அப்பாவிடமிருந்து, அக்காவின் மச்சானிடமிருந்து, கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். எதுவுமே கேட்காமல் விட்டுவிட்டாள். அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

கப்பல் வேலையை விட்டுவிட்டாராம். விசாகப்பட்டினத்தில் கரையிலேயே வேலை, குடியிருக்க வீடும் கிடைத்திருக்கிறதாம். போன வருடம் மறுமணம் செய்துகொண்டாராம். அந்தப் பெண்ணும் பிள்ளையை மனதார ஏற்றுக்கொள்கிறாளாம். பியூலாவை அழைத்துப்போக விரும்புகிறேன், ஆனால் தங்களுடைய பூரண சம்மதம் இருந்தால் மட்டுமே, என்று முடித்திருந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அது என்ன பூரண சம்மதம்? ஆறு வருசமா எங்க இருந்தாராம்? மாட்டேன்னு எழுதுங்கக்கா. அவரே உங்க இஷ்டம்னு சொல்லிட்டாரே."

"எழுதலாம்."

"எழுதுங்க, இப்பமே எழுதுங்க."

அவள் வெகுநேரம் கடிதத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். பிறகு சொன்னாள். "மச்சான் கப்பலுக்குத் திரும்பிப் போன அன்னைக்குப் பிள்ளையை அவுக கையில இருந்து நான்தான் வாங்கினேன். வாங்கினேன்னா சொன்னேன்? இழுத்தேன்ளா. அவுக விடவே இல்லை. வேன் வந்து நிக்கி, டிரைவர் கூப்பிடுதான், அவுக பிள்ளையை நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு நிக்காவ. நான்தான் விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டு இழுத்தேன். பிள்ளை வீல்னு அழுதா. அவுக படியில அப்பிடியே உக்காந்துட்டாவ. அதுக்கப்புறம் பிள்ளை மூணு நாள் பால் குடிக்கலை."

அவள் குரல் உடையவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா அரக்குநிறப் பட்டுச் சேலையை அங்கிபோல் தோளில் முடிந்துகொண்டு மேடைக்கு வந்தபோது பின்வரிசையில் ஆண்கள் விசிலடித்தார்கள். "ஏலே, ராசா சடை போட்டிருக்காருலே!" என்று ஒருவன் கத்தினான். அவள் எதையும் காதில் வாங்காமல் நடந்து வந்தாள். முதல் வசனத்தைச் சொன்னாள். விசில் நின்றுவிட்டது. ட்ரங்க் போர்டில் எட்டு மணி நேரம் மெதுவாகவே பேசிப் பழகிய அந்தக் குரல் கடைசி வரிசைவரை போனதை அன்றுதான் கேட்டேன்.

கிரீடத்தைக் கழற்றினாள். என்னைக் கூப்பிட்டாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். அடுத்த வசனம் அவளுடையது; அதைச் சொல்லிக்கொண்டே விட வேண்டும்.

அவள் சொல்லவில்லை. விடவும் இல்லை.

மறந்துவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மறதி இல்லை. கண்ணாடிக் கல் பதித்த அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. சபையில் ஒரு சத்தம் இல்லை. நடிப்பென்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படை திரட்டி வந்த தம்பி, பிடுங்கியிருக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. ஒரு நிமிஷமாவது அப்படி நின்றிருப்போம்.

முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்த பியூலா பெஞ்சில் ஏறி நின்றாள்.

"சித்தி! இப்பம் விடணும்!"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அடியில், உதடு அசையாமல் அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இழுளா, கோமு. என்னால முடியலை. நீ இழு."

நான் இழுத்தேன். தகரம் வளைந்தது. ஒரு பச்சைக் கல் தெறித்து மேடையில் உருண்டது. கிரீடம் என் கைக்கு வந்துவிட்டது. அவள் இரண்டு கைகளையும் அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, மீதி வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். அவ்வளவு கைதட்டலை அந்த மன்றம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. செயலாளர் ஓடிவந்து, "கடேசியில நின்னீங்க பாருங்க, என்னா நடிப்பு!" என்றார். அக்கா தலையசைத்துவிட்டு, உருண்டுபோன கல்லை நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மச்சானுக்குப் பதில் எழுதினாள். எனக்குக் காட்டினாள். நான்கே வரி. 'சம்மதம். ஆனால் ஒரு நாளில் வந்து ஒரு நாளில் அழைத்துப்போக முடியாது. எட்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கேயே தங்குங்கள்.'

அவர் வந்தார். எனக்கு அவரை வெறுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. முடியவில்லை. தலை நரைத்த, கூச்சமான மனிதர். இன்ஜின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. பிள்ளைக்கு ஒரு ரப்பர் பொம்மையும் பிஸ்கட் டப்பாவும் வாங்கிவந்திருந்தார். பியூலா அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவரைப் பார்த்தாள். நான் முன்னறையை அவருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே அக்காவோடு படுத்துக்கொண்டேன்.

அந்த எட்டு நாளும் அக்கா செய்தது இன்றும் எனக்கு ஒவ்வொரு நாளாக நினைவிருக்கிறது. முதல் நாள் அவளே சோறு ஊட்டினாள். மச்சானைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இரண்டாம் நாள் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல ஓரத்துச் சோறு குடுங்க மச்சான், நடுவுல சூடா இருக்கும். மீன்ல முள்ளு இருக்கோன்னு ரெண்டு தடவை பாருங்க." மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். சடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். அவர் இன்ஜின் பிடித்த முரட்டு விரல்களால் பின்னிய சடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். பியூலா கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். அக்கா அதை அவிழ்த்துத் திரும்பப் பின்னவில்லை. அதே கோணல் சடையோடு பள்ளிக்கு அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பாவும் மகளும் பழைய துறைமுகத்துக்குத் தோணி பார்க்கப் போனார்கள். அக்காவும் நானும் வீட்டில் இருந்தோம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சந்து முனையில் பியூலாவின் குரல் கேட்டது. "அப்பா, தூக்குங்க, கால் வலிக்கி!" அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கேட்டியாளா?"

"என்னதுக்கா?"

"அப்பான்னு கூப்பிட்டுட்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு எழுந்து புறவாசலுக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

எட்டாம் நாள் ஸ்டேஷனுக்குப் போனோம். மெட்ராஸ் ரயில் சாயங்காலம் புறப்படும். பிலோமினாவும் வந்திருந்தாள், மக்ரூன் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். நான் அழுகை வந்துவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். குழந்தை கதறப் போகிறாள், பிளாட்பாரமே பார்க்கப் போகிறது என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. பியூலா அப்பாவின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ரப்பர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வெளியே நின்று, ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. கை கூப்பினார்.

"அவளுக்கு ராத்திரி தண்ணி தவிக்கும். பக்கத்துல வச்சிக்கிடுங்க," என்றாள் அக்கா.

ரயில் நகர்ந்தது. "டாட்டா சித்தி! டாட்டா கோமு அத்தை!" என்று பியூலா கையை ஆட்டினாள். வளைவு திரும்பும்வரை ஆட்டினாள். சிரித்துக்கொண்டே போனாள்.

பிளாட்பாரம் காலியாகும்வரை அக்கா நின்றாள். பிறகு என் தோளைப் பிடித்தாள். அவள் பாரம் முழுவதும் என் மேல் இறங்கியது.

"அழவே இல்லை, பாத்தியாளா?" என்றாள். "ஒரு சொட்டு அழலை."

அந்தக் குரலில் இருந்தது பெருமையா என்று இத்தனை வருடம் கழித்தும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான் இன்னும் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். முதல் வருடம் அக்கா இரண்டு கடிதம் போட்டாள். ஒன்றில் ஏரல் சந்தையில் என் அம்மாவைப் பார்த்ததை எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் பிலோமினா எழுதினாள். எங்கே என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். கிட்டங்கி இருந்தது. வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குள் ஏராளமாக இருந்தது. அவளை ஒருமுறை பார்த்தால் எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

அவளை நினைக்கும்போது எனக்கு அந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. பியூலா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய ஏழாவது பிறந்தநாள். அக்காவுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் எக்சேஞ்சுக்கு வந்து, வெளியாட்களைப்போல் பணம் கட்டி, விசாகப்பட்டினத்துக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தாள். மச்சானின் அடுத்த வீட்டில் போன் இருந்தது. காலையிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட கூண்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். மத்தியானம்தான் லைன் கிடைத்தது. நான்தான் சேர்த்தேன்.

இணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பேச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். யார் பேசுவதையும் கேட்கக் கூடாது. அன்று நான் விலகவில்லை.

"ஹலோ, எவரு?" என்று தெலுங்கில் கேட்டது ஒரு சின்னக் குரல்.

"பியூ... சித்தி பேசுதேன்."

"சித்தி!" என்று ஒரு கூச்சல். பிறகு மூச்சுவிடாமல் பேசினாள். பாதி தெலுங்கு, பாதி எங்கள் ஊர்த் தமிழ். புதுக் கவுன், பள்ளிக்கூடத்தில் பாட்டு, வீட்டில் ஒரு பூனை. அக்கா "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். "சித்தி, அம்மா கேக் செஞ்சிருக்கா!" என்றாள் பியூலா.

"அம்மா செஞ்சாளா? நல்லா இருக்கா?"

"இன்னும் திங்கலை. வெட்டணும். சித்தி, இருங்க, அம்மா கூப்பிடுதா. இந்தா வந்துட்டேன்!"

போன் மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஓடிப்போகும் கால் சத்தம். பிறகு தூரத்தில் நாற்காலிகள் இழுபட்டன. பிள்ளைகள் சேர்ந்து பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். யாரோ ஒரு பெண் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அதற்குப் பியூலா கலகலவென்று சிரித்தாள். அக்கா கூப்பிடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நிமிஷம் ஆனால் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டும்; அதற்கு மேல் பேசினால் கூடுதல் பணம். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஆறு. இன்னொரு லைனில் பம்பாய் கால் கேட்டு ஒரு உப்பு வியாபாரி கத்திக்கொண்டிருந்தார். நான் அந்த லைனைத் தொடவில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் அந்தப் பக்கம் யாரோ பெரியவர் வந்து, போன் எடுத்தபடி கிடப்பதைப் பார்த்துக் கீழே வைத்தார்.

அக்கா கூண்டிலிருந்து வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசுதா, என்னளா? தெலுங்கெல்லாம் வந்துட்டு."

"ஆமாக்கா."

"எம்புட்டு நேரமாச்சு?"

"மூணு நிமிசம்தான்க்கா," என்றேன்.

அதே போர்டில் எத்தனையோ வருடம் உட்கார்ந்தவள் அவள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் படியிறங்கிப் போனாள்.